உள்நெருப்பு – பகுதி 14: குளிர் காட்டிக்கொடுத்த மரபணு

சென்ற வாரம் மத்தியதரைக் கடலோரக் குடும்பங்களைப் பார்த்தோம். எந்தக் கிருமியும் தொற்றாமலே அவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஓரிரு நாளில் தானே தணிந்தது. சில வாரம் கழித்து மறுபடியும் வந்தது. 1972இல் பாஸ்டன் மருத்துவர் ஸ்டீபன் கோல்ட்ஃபிங்கர், அந்தக் காய்ச்சல் கோல்ச்சிசின் என்ற மருந்துக்குக் கட்டுப்படுவதை எழுதினார். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பதும் அந்தக் கோல்ச்சிசின்தான். 1997இல் நோய்க்குக் காரணமான மரபணு பிடிபட்டது. 1999இல் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் டேனியல் காஸ்ட்னரின் குழு, இந்த வகை நோய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘தன்னழற்சி நோய்கள்’ என்று பெயரிட்டது.

தடுப்பூசி போட்டுப் பழக்கப்படுத்தும் எதிர்ப்பாற்றல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதற்கும் முந்தையது, பிறக்கும்போதே கூட வருவது இன்னொன்று. வந்திருப்பது எந்தக் கிருமி என்று தெரியாவிட்டாலும், ஆபத்து என்று உணர்ந்த மாத்திரத்தில் காய்ச்சலையும் வீக்கத்தையும் கிளப்பிவிடும் பழைய படை அது. தன்னழற்சி நோய்களில் பிழை இருப்பது அந்தப் படையில்.

அந்தப் பிழைகளில் மிக முக்கியமான ஒன்றின் கதை இந்த வாரம். அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் குளிர்காலத்தில் தொடங்கும் இது, நம் திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி உலைகள் வரை வந்து சேர்கிறது.

பனிக்கட்டி சொன்ன பதில்

1940இல் கைல், ரஸ்க் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு விசித்திரமான குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். குளிர்காற்று பட்டால் அந்தக் குடும்பத்தில் பலருக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிடும். தலைமுறை தலைமுறையாக அது தொடர்ந்தது.

நம் ஊரில் இதைப் பார்ப்பவர்கள் காணாக்கடி என்றுதான் சொல்வார்கள். அந்தக் கால மருத்துவர்களும் ஏறத்தாழ அப்படியே நினைத்தார்கள். இது ஒருவகை ஒவ்வாமை, அதைத் தூண்டுவது குளிர் என்பது அவர்கள் முடிவு.

ஆனால் ஒரு எளிய சோதனை அந்த முடிவோடு ஒத்துப்போகவில்லை. குளிரால் வரும் சாதாரணக் காணாக்கடி உள்ளவரின் கையில் பனிக்கட்டியைச் சில நிமிடம் வைத்து எடுத்தால், அதே இடம் தடித்துவிடும். இப்படிப்பட்ட குடும்பங்களில் தடிக்கவே இல்லை. முழு உடம்பும் குளிர்ந்து, ஒன்றிரண்டு மணி நேரம் போன பிறகுதான் தடிப்பு கிளம்பியது. அதோடு காய்ச்சல், மூட்டுவலி, கண் சிவப்பு. மறுநாளுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஒவ்வாமை மருந்து எதுவும் பலிக்கவில்லை.

தோல் குளிர்ந்ததால் வந்த எதிர்வினை என்றால் பனிக்கட்டி பட்ட இடத்திலேயே அது தெரிந்திருக்கும். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் உடம்புக்குள் ஏதோ ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அது என்ன என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆகவிருந்தன.

மூன்று பெயர்கள்

1962இல் இங்கிலாந்து மருத்துவர்கள் மக்கிளும் வெல்சும் இன்னொரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அங்கும் தடிப்பும் காய்ச்சலும் இருந்தன. கூடவே செவித்திறன் படிப்படியாகக் குறைந்தது. ஆண்டுக்கணக்கில் தணியாத அழற்சியால் உருவான ஒரு புரதம் சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. மருத்துவ நூல்களில் இது தனி நோயாகப் பதிவாயிற்று.

1981இல் பாரிஸில் பிரியரும் கிரிசெல்லியும் இன்னும் கொடிய ஒன்றைப் பதிவு செய்தார்கள். பிறந்த குழந்தையின் உடம்பிலேயே தடிப்பு. மூளை உறையில் தீராத அழற்சி. வீங்கி உருமாறும் முழங்கால்கள். வளர வளரக் கேட்கும் திறனும் பார்வையும் மங்கும். இது மூன்றாவது நோயானது.

லேசானதை ஒவ்வாமை மருத்துவர் பார்த்தார், நடுத்தரமானதைச் சிறுநீரக மருத்துவர் பார்த்தார், கொடியதைக் குழந்தை மருத்துவர் பார்த்தார். ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்கவில்லை. மூன்றும் ஒன்றாக இருக்கலாம் என்று எண்ண அன்றைக்கு யாரிடமும் ஆதாரம் இல்லை.

2001: ஒரே கதவு

கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ஹால் ஹாஃப்மேன் என்ற ஒவ்வாமை மருத்துவர், குளிரால் பாதிக்கப்படும் குடும்பங்களின் வம்சாவளியைத் திரட்டத் தொடங்கினார். நோயுள்ள பெற்றோரின் பிள்ளைகளில் சராசரியாகப் பாதிப் பேருக்கு நோய் வந்தது. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வரும் ஒரே ஒரு பழுதான பிரதியே போதும் என்பது இதன் பொருள். நோய் உள்ளவர்கள் எல்லோரும் பகிர்ந்துகொண்டு, இல்லாதவர்களிடம் காணப்படாத மரபுத் துண்டு எது என்று தேடினார்கள். தேடல் முதலாம் குரோமோசோமின் நீண்ட கையின் நுனியில் வந்து நின்றது.

2001 நவம்பரில் விடை அச்சில் வந்தது. அதுவரை யாரும் அறியாத ஒரு மரபணுவில் நான்கு வெவ்வேறு பிறழ்வுகளைக் கண்டிருந்தார்கள். மூன்று, குளிரால் வாடும் குடும்பங்களில். நான்காவது, மக்கிள்–வெல்ஸ் நோய் உள்ள குடும்பத்தில்.

இரண்டு நோய்க்கும் மரபணு ஒன்றே.

மறு ஆண்டே பிரான்சிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள், பிறந்த குழந்தைகளைத் தாக்கும் மூன்றாவது நோயிலும் அதே மரபணு பழுதாகியிருப்பதைக் காட்டின. அந்தக் குழந்தைகள் பலரின் பெற்றோருக்குப் பழுது இல்லை. கருவிலேயே புதிதாக நேர்ந்த பிறழ்வு அது. பல ஆண்டுகளாக மூன்று துறைகளில் பிரிந்து கிடந்த நோயாளிகள் ஒரே குடையின் கீழ் வந்தார்கள்.

குளிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து அந்தப் புரதத்துக்குக் கிரையோபைரின் என்று பெயரிட்டார்கள். இன்று உலகம் அதை என்எல்ஆர்பி3 என்கிறது. பிழை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்தப் புரதத்தின் வேலை என்ன என்று மட்டும் அப்போது தெரியவில்லை.

லோசானில் ஒரு கூட்டணி

ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் யூர்க் ட்ஷோப் என்ற உயிர்வேதியியலாளர் வேறொரு கேள்வியோடு இருந்தார்.

காய்ச்சலைக் கிளப்பும் முதன்மைச் செய்தியாளன் இண்டர்லூகின்-1 என்ற புரதம். சார்லஸ் டினரெல்லோ போன்றவர்களின் உழைப்பால் அது 1970களிலேயே பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. செல்லுக்குள் அது முழுமை பெறாத வடிவத்தில் காத்திருக்கும். காஸ்பேஸ்-1 என்ற நொதி வந்து வெட்டினால்தான் வேலைக்குத் தயாராகும். அந்த நொதிக்கு உத்தரவு கொடுப்பது யார் என்பதுதான் ட்ஷோப்பின் கேள்வி.

2002இல் ட்ஷோப், ஃபபியோ மார்ட்டினோன், கிம்பர்லி பர்ன்ஸ் மூவரும் விடை சொன்னார்கள். ஆபத்தை உணரும் புரதங்கள் செல்லுக்குள் ஒன்றுகூடி ஒரு பெரிய கூட்டமைப்பாகின்றன. அந்தக் கூட்டமைப்பு காஸ்பேஸ்-1ஐ இயக்குகிறது. காஸ்பேஸ்-1, இண்டர்லூகினை வெட்டி வெளியே அனுப்புகிறது. இந்தக் கூட்டமைப்புக்கு அவர்கள் இன்ஃப்ளமசோம் என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் அவர்கள் விவரித்தது என்எல்ஆர்பி3இன் உறவுக்காரப் புரதம் ஒன்றை. 2004இல் அதே ஆய்வகம், என்எல்ஆர்பி3யும் இப்படியொரு கூட்டமைப்பைக் கட்டுகிறது என்றும், மக்கிள்–வெல்ஸ் நோயாளியின் செல்களில் அது தூண்டுதலே இல்லாமல் இயங்குகிறது என்றும் காட்டியது.

சான் டியாகோவின் மரபணுவும் லோசானின் கூட்டமைப்பும் பொருந்திக்கொண்டன. ஆபத்து வந்தால் மட்டும் எழ வேண்டிய உணரி, ஓர் எழுத்துப் பிழையால் ஓயாமல் எழுந்துகொண்டே இருக்கிறது. அந்த உணரியிலிருந்து கிளம்பும் செய்தியைத் தடுத்தால் நோய் அடங்க வேண்டும்.

சில மணி நேரம்

தடுக்கும் மருந்து கையிலேயே இருந்தது. அனகின்ரா என்ற ஊசிக்கு 2001இல் முடக்குவாதத்துக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருந்தது. இண்டர்லூகின்-1 போய் அமரும் இடத்தில் முந்திக்கொண்டு அமர்ந்துவிடும் மருந்து அது. முடக்குவாதத்தில் அதன் பலன் சுமாராகத்தான் இருந்தது.

2003இல் லண்டனில் ஃபிலிப் ஹாக்கின்ஸ் குழு, மக்கிள்–வெல்ஸ் நோயாளிகள் இருவருக்கு அதைப் போட்டுப் பார்த்தது. பிறந்தது முதல் விடாத தடிப்பும் காய்ச்சலும் சில மணி நேரத்தில் மறைந்தன.

ஹாஃப்மேன் இன்னும் நேரடியாகச் சோதித்தார். குளிர் நோய் உள்ளவர்களை, அவர்கள் சம்மதத்தோடு, குளிர் அறையில் உட்காரவைத்தார். மருந்தில்லாமல் உட்கார்ந்தபோது வழக்கம்போலத் தடிப்பும் காய்ச்சலும் வந்தன. முன்னதாக ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது ஒன்றும் வரவில்லை. 2004இல் இது வெளியானது.

2006இல் ரஃபேலா கோல்ட்பாக்-மான்ஸ்கி குழு, மிகக் கொடிய வகை நோயுள்ள 18 பேருக்கு இதைக் கொடுத்தது. தடிப்பு மறைந்தது. மூளை உறையின் அழற்சி தணிந்தது. சிலருக்கு ஊசியை நிறுத்திப் பார்த்தபோது சில நாட்களிலேயே நோய் திரும்பியது. மீண்டும் தொடங்கியதும் அடங்கியது.

மருத்துவ வரலாற்றில் இவ்வளவு தெளிவான நிரூபணம் அரிது. ஒரு மரபணுவில் பிழை, ஒரு செய்திப் புரதம் மிகை, அதைத் தடுத்தால் நிவாரணம்.

கதை இங்கே முடிந்திருந்தால், லட்சக்கணக்கானோரில் ஒருவருக்கு வரும் நோயின் வெற்றிக் கதையாக மட்டும் இருந்திருக்கும். அதே 2006இல் இன்னொரு திருப்பம் நேர்ந்தது.

படிகங்கள்

பிறழ்வு இல்லாத கோடிக்கணக்கானவர்களிடமும் இந்த உணரி இருக்கிறது. அவர்களிடம் அதை எழுப்புவது எது?

மார்ட்டினோனும் ட்ஷோப்பும் 2006இல் முதல் விடையைத் தந்தார்கள். யூரிக் அமிலப் படிகங்கள். கால் பெருவிரலில் நள்ளிரவில் உயிர்போகும் வலியைக் கொண்டுவரும் கவுட் நோய்க்குக் காரணமான அந்தக் கூர்மையான படிகங்களும் என்எல்ஆர்பி3ஐத்தான் எழுப்புகின்றன.

படிகம் என்றால் வேறு படிகங்கள்?

2008இல் மூன்று குழுக்கள் ஒரே கேள்விக்கு ஒரே திசையில் விடை கண்டன. லோசானில் காத்ரின் டோஸ்டெர்ட், அமெரிக்காவில் ஃபைட் ஹோர்னுங், ஐகே லாட்ஸ் உள்ளிட்டோர், ஐயோவாவில் சூசன் கசல் குழு. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் சிலிக்கா. மணலிலும் குவார்ட்ஸ் கல்லிலும் இருப்பது. உடைக்கும்போதும் அரைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலின் அடியாழம் வரை போவது. லோசான் குழு ஆஸ்பெஸ்டாசையும் சேர்த்தே சோதித்தது.

நுரையீரலில் நடப்பது இதுதான். உள்ளே வந்த தூசியை விழுங்கும் செல் ஒன்று தனக்குள் இழுத்து ஒரு பைக்குள் அடைக்கிறது. கிருமியாக இருந்தால் அந்தப் பையிலேயே செரித்துவிடும். சிலிக்கா செரிக்காது. பை கிழிகிறது. அதற்குள் இருந்த நொதிகள் செல்லுக்குள் சிதறுகின்றன. என்எல்ஆர்பி3 எழுகிறது, இண்டர்லூகின் வெளியேறுகிறது, அழற்சி தொடங்குகிறது. செல் செத்துப்போக, சாகாத படிகம் வெளியே வருகிறது. அதை அடுத்த செல் விழுங்குகிறது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் இந்தச் சுற்று நிற்பதில்லை. மெல்ல மெல்ல நுரையீரல் தழும்பாகி இறுகுகிறது. சிலிக்கோசிஸ் என்பது அதுதான்.

என்எல்ஆர்பி3 இல்லாத எலிகளுக்குச் சிலிக்கா கொடுத்தபோது அழற்சியும் தழும்பும் வெகுவாகக் குறைந்தன.

குளிர்காற்றில் தடித்த அந்தப் பழைய குடும்பத்தின் மரபணு, உலகெங்கும் கல்லுடைக்கும், மணல் அள்ளும், உலை பூசும் தொழிலாளிகளின் நுரையீரலில் என்ன நடக்கிறது என்பதை விளக்கிவிட்டது. அரிய நோய்க்கு எதற்குச் செலவு என்று கேட்பவர்களுக்கு வரலாறு தரும் பதில் இதுவே. அந்தச் சில குடும்பங்கள் ஆராய்ச்சிக்குத் தந்த ரத்தம், அவர்கள் முகம்கூட அறியாத பல்லாயிரம் தொழிலாளிகளுக்கானதாக ஆனது.

உலைக்கு உள்ளே

இனி நம் ஊருக்கு வருவோம்.

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், ஆந்திர எல்லைக்குச் சற்று முன் கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி தயாரிக்கும் ஆலைகள் பல உண்டு. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த இளைஞர்களின் உழைப்பில் அந்த உலைகள் எரிகின்றன.

இரும்பை உருக்கும் இண்டக்ஷன் உலையின் உள்சுவர் பெரும்பாலும் குவார்ட்ஸ் தூளால் ஆனது. ராம்மிங் மாஸ் என்பார்கள். ஏறத்தாழ முழுக்கச் சிலிக்கா. அதைக் கொட்டி, இடித்து இறுக்குவார்கள். உருகிய இரும்பின் சூட்டில் சுவர் தேய்ந்ததும் பெயர்த்து எடுத்துவிட்டு மறுபடி கொட்டி இறுக்குவார்கள். கொட்டும்போதும் தூசி, பெயர்க்கும்போதும் தூசி. இந்த வேலை எந்த ஊரில் நடந்தாலும் இந்த ஆபத்து கூடவே வரும்.

முகத்தில் கட்டிய துண்டு கண்ணுக்குத் தெரியும் தூசியைத் தடுக்கும். நுரையீரலை அழிக்கும் தூள் அதைவிட நுண்ணியது. அது துணியின் இழைகளுக்கு நடுவே போய்விடும். நோய் தெரிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்த இளைஞர் வேறு ஆலைக்கோ சொந்த ஊருக்கோ போயிருப்பார். அங்கே எக்ஸ்ரேயில் நிழலைப் பார்க்கும் மருத்துவர் காசநோய் மருந்து எழுதிக்கொடுப்பது நாடு முழுவதும் நடக்கும் தவறு. என்ன வேலை பார்த்தாய் என்ற ஒரு கேள்வி கேட்கப்படாமல் போவதே காரணம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸ் இருந்தது. கண்டறியும் மருத்துவர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. நிவாரணச் சட்டங்களிலும் அது தொழில்சார் நோயாக இடம்பெற்றது. நோயைப் பதிவு செய்தால்தான் நிவாரணம் பெறும் உரிமைக்கு உயிர் வரும்.

திருவள்ளூரின் பழைய கணக்கு

சிலிக்கா தூசி ஏறிய நுரையீரலைக் காசநோய் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். கிருமியை விழுங்கிக் கட்டுப்படுத்த வேண்டிய அதே செல்களைத்தான் சிலிக்கா கொல்கிறது.

காசநோயைப் பற்றி உலகுக்குக் கற்றுக்கொடுத்த மண் திருவள்ளூர். இது செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்த காலத்தில், 1968இல், பிசிஜி தடுப்பூசி பலன் தருகிறதா என்று அறிய மாபெரும் ஆய்வு இங்கே தொடங்கியது. திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் கைநீட்டினார்கள். யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு மருந்தில்லாத போலி ஊசி என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1979இல் வந்த முடிவு உலகை அதிரவைத்தது. நுரையீரல் காசநோயிலிருந்து அந்தத் தடுப்பூசி அங்கே பாதுகாப்பு தரவில்லை. பின்னர் 1999இல் நேரடிக் கண்காணிப்பு முறைச் சிகிச்சை இம்மாவட்டத்தில் தொடங்கிய பிறகு, சில ஆண்டுகளில் காசநோயாளிகளின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததையும் இதே மக்கள்தான் உலகுக்குக் காட்டினார்கள்.

அந்தக் கிராமங்களின் மாவட்டமும் இந்த உலைகளின் மாவட்டமும் ஒன்றே. தூசியும் காசநோயும் சந்திக்கக்கூடிய இடம் இது.

அணைக்கலாமா?

ஒரு யோசனை இயல்பாக எழும். குளிர் நோய்க் குடும்பங்களைக் காப்பாற்றிய மருந்தைச் சிலிக்கோசிஸ் தொழிலாளிக்கும் கொடுத்தால் என்ன?

விலை ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை உடம்புக்குள்ளேயே இருக்கிறது. இண்டர்லூகின்-1ஐத் தடுக்கும் கனகினுமாப் என்ற இன்னொரு மருந்தை, மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் பாஸ்டனின் பால் ரிட்கர் குழு சோதித்தது. 2017இல் முடிவு வந்தது. மீண்டும் மாரடைப்பு வருவது குறைந்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. காசநோய் வந்தவர்களும் வரும் அபாயம் அதிகமுள்ளவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. எலிகளில் இண்டர்லூகின்-1 இல்லாவிட்டால் காசநோய் விரைவில் உயிரைக் குடிப்பதும் ஆய்வில் தெரிந்ததுதான்.

நுரையீரலைத் தின்னும் அழற்சியும் காசநோயைக் காவல் காக்கும் அழற்சியும் ஒன்றே. முதலாவதைத் தணித்து, இரண்டாவதை விட்டுவைக்கும் வழி உண்டா? என்எல்ஆர்பி3ஐ மட்டும் குறிவைக்கும் புதிய மருந்துகளால் அது முடியுமா? அதைத்தான் அடுத்த வாரம் பின்தொடரப்போகிறோம்.

அந்த விடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. உலை பெயர்க்கும் இடத்தில் தூசி உறிஞ்சும் கருவி, நுண்தூளைத் தடுக்கும் தரமான முகக்கவசம், ஆண்டுதோறும் எக்ஸ்ரே, வேலை விவரத்தைக் கேட்டு எழுதும் மருத்துவர். இவற்றுக்குப் புதிய மரபணு எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்த யாராவது உலையிலோ, கல்குவாரியிலோ, வார்ப்பாலையிலோ வேலை பார்த்து இருமிக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் முதலில் தன் வேலையைச் சொல்லச் சொல்லுங்கள்.

(தொடரும்)